பச்சையாகிப் போன பூண்டும் பளிச்சென்றிருந்த சோறும்

கேண்டீன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை, தலையில் போட்ட வலைக்குல்லாய் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. இரண்டும் ஒரு வாரம் தாங்கும். கை கழுவுவது எப்படி, வெப்பமானியைக் குழம்பில் எங்கே செருகுவது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. அதன் கேண்டீனில் இருபத்தெட்டு வருடம் கண்காணிப்பாளராக இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஆரணியிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில் என்று தினமும் போய் வந்து நான் அங்கே என்னதான் செய்தேன் என்று கேட்டால், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். 'இதைச் சாப்பிடலாமா, கூடாதா?' ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாராவது ஒரு கிண்ணத்தை என் மூக்கருகே நீட்டி இதைக் கேட்பார்கள். பல நாள் சரியாகச் சொன்னேன். தப்பாகச் சொன்ன நாட்களும் உண்டு, அவைதான் உங்களுக்கு உபயோகப்படும்.

முதல் தப்பு, வேலையில் சேர்ந்த மாதமே நடந்தது. அன்று முட்டைக் குழம்பு. அறுநூறு முட்டைகள் வெந்து, உரிபட்டு, அண்டாவில் இருந்தன. சோதனைக்கு ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டினேன். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். இன்னொன்றை வெட்டினேன், அதிலும் வளையம். "எல்லாத்தையும் கொட்டுங்க!" என்று கத்தினேன்.

மூலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தார். முட்டையைப் பார்த்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், இன்னாத்துக்கு கொட்றீங்க? அடுப்புல வச்சிட்டு மறந்துட்டாங்க, அவ்ளோ தான். ரொம்ப நேரம் வெந்துச்சின்னா மஞ்ச கருவ சுத்தி இப்டி தான் ஆவும். எங்க ஊட்ல வாரத்துக்கு ரெண்டு வாட்டி ஆவுது."

"நான் கேட்டரிங் டிப்ளமா படிச்சிருக்கேம்மா" என்றேன். இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. அறுநூறு முட்டையும் குப்பைக்குப் போயின. அன்று இரவுச் சமையலில் வீட்டில் இரண்டு முட்டையை வேண்டுமென்றே அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வெட்டிப் பார்த்தேன். அதே வளையம். இரண்டையும் உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, மானம் போனதைத் தவிர.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதினால் வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பார். பிற்பாடு தொழிற்சாலை முழுக்க அவரை 'அடுப்பக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். என்னைவிட நான்கு வயது இளையவர். கவரப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம் ஆகும்வரை அம்மாவோடு நடவுக்கும் களை எடுக்கவும் போனவர். என்னை நல்ல மனநிலையில் 'யக்கா' என்பார், கோபம் வந்தால் 'மேடம்' என்பார். அன்றைய முகத்தைப் பார்த்து நான் குழம்பியதே இல்லை, முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது கதையில் தப்பு அவருடையது. அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. அடைமழை பெய்து, சாமான் அறையின் ஒரு மூலை ஒழுகி, சட்னிக்கு வாங்கிய வேர்க்கடலை மூட்டை நனைந்துவிட்டது. நான் நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அடுப்பக்கா முறத்தில் கடலையைப் பரப்பி, சாம்பலும் பச்சையுமாகப் பூசணம் பிடித்ததை மட்டும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். சின்ன வயதில் கடலை பிடுங்கி முடிந்த நிலத்தில் விட்டுப்போனதைத் தோண்டிப் பொறுக்கியவர் அவர். ஒரு மூட்டையை எறிவதற்கு அந்தக் கை வராது.

"பொறுக்கிட்டு வறுத்துட்டா போச்சி. நெருப்புக்கு தெரியாத பூசணமா?" என்றார்.

இந்த இடத்தில் என் டிப்ளமா வேலை செய்தது. கடலையில் வரும் பூசணம் விடும் விஷம் கண்ணுக்குப் பூசணம் தெரியாத கடலையிலும் இருக்கும், வறுத்தாலும் போகாது, கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைக் கெடுக்கும் என்று சொன்னேன். முழு மூட்டையும் வெளியே போனது. இரண்டு நாள் எனக்கு 'மேடம்' பட்டம் கிடைத்தது. மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெஜமாவா யக்கா? வறுத்தா கூட போவாதா?"

"போகாதும்மா. பூசணம் செத்துடும். அது விட்ட விஷம் அப்படியே இருக்கும்."

அவர் அடுப்பைப் பார்த்தபடியே டீயைக் குடித்து முடித்தார். இத்தனை வருடம் அவர் நம்பியிருந்த நெருப்பை நான் கொஞ்சம் குறைத்துவிட்டேன் போலிருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் நாங்கள் ஒரு வழக்கத்துக்கு வந்தோம். மாப்பிள்ளை முகத்தை மட்டும் பார்த்துவிட்டு யாராவது பெண் கொடுக்கிறார்களா? எந்த ஊர், என்ன வேலை, யாரோடு சகவாசம் என்று நாலு இடத்தில் விசாரிப்பதில்லையா? சாப்பாட்டையும் அப்படி விசாரிக்க ஆரம்பித்தோம். எப்போது அடுப்பிலிருந்து இறங்கியது, அதற்குப் பிறகு எங்கே இருந்தது, சூடாகவே இருந்ததா குளிராகவே இருந்ததா, இடையில் யார் கை பட்டது. முகம் கோணலாக இருந்தாலும் விசாரணையில் தேறினால் உள்ளே வரலாம். முகம் லட்சணமாக இருந்து விசாரணையில் தேறாவிட்டால் வெளியே.

இப்படி விசாரித்ததில் எவ்வளவோ மிச்சமானது. தோல் கறுத்த வாழைப்பழம், முளை விட்ட வெங்காயம், மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும் தயிர், கால் இரண்டாகப் பிளந்த கேரட் எல்லாம் எங்களிடம் உயிர் பிழைத்தன. பச்சை படிந்த உருளைக்கிழங்கும் பூசணம் கண்ட ரொட்டியும் பிழைக்கவில்லை. ரொட்டியில் பூசணத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுப்பக்கா காய் நறுக்குமிடத்திலிருந்து உதவிச் சமையலுக்கும், அங்கிருந்து தலைமைச் சமையலுக்கும் வர பதினோரு வருடம் ஆயிற்று. தொழிற்பேட்டைக் கேண்டீன்களில் பெரிய கரண்டி ஆண்கள் கையில்தான் இருக்கும். பெண்கள் நறுக்கலாம், கழுவலாம், பரிமாறலாம். நானூறு பேர் சாப்பாட்டுக்கு ஒரு பெண் தலைமை என்பது எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் எங்கள் கேண்டீனில் மட்டும்தான் இருந்தது. அந்த இடத்தை விட்டால் வேறெங்கும் அவருக்கு அது கிடைக்காது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு பலகை வந்தது. சில வருடங்களுக்கு முன் கேண்டீன் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். இன்று வீணான உணவு இத்தனை கிலோ என்று தினமும் மாலை நான் எடை போட்டு எழுத வேண்டும். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேண்டீன் காண்ட்ராக்டர் அதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். ஒரே நாளில் ஐம்பது கிலோவுக்கு மேல் போனால் தலைமைச் சமையலுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று சிவப்பு விழுந்தால் ஆளை மாற்றிவிடுவார்.

அடுப்பக்காவுக்கு ஆறே மாதத்தில் இரண்டு விழுந்துவிட்டன. ஒன்று, புயல் மழையில் கம்பெனி பஸ் பாதி வராமல் போன நாள். இன்னொன்று, காஸ் பாதியில் தீர்ந்து சோறு அரிசியாகவே நின்ற நாள். இரண்டிலும் அவர் தப்பு ஒன்றுமில்லை. பலகையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை யாரும் நிரப்பியதும் இல்லை, படித்ததும் இல்லை.

இனிமேல்தான் பூண்டு வருகிறது.

மே மாதம். வெளியே நின்றால் மூளை உருகும் வெயில். பூண்டு வெயிலில் வற்றி வீணாகிறதே என்று நான்தான் ஒரு மாதமாகப் பூண்டு மூட்டையைக் குளிர் அறையில் வைக்கச் சொல்லியிருந்தேன். அதிலிருந்து எடுத்து அடுப்பக்கா எலுமிச்சைச் சாறு பிழிந்து ஊறுகாய் போட்டார். பீகார், ஒடிசாப் பையன்கள் காரம் அதிகம் என்று முறையிட்டதால் மிளகாய்த்தூளைக் குறைத்து, வெள்ளை வெளேரென்று போட்டிருந்தார். இரண்டு நாள் கழித்துப் பரிமாறத் திறந்தபோது பூண்டெல்லாம் பச்சையும் நீலமுமாக மாறியிருந்தது. எங்களுக்கு இது புதிதல்ல. குளிரில் கிடந்த பூண்டில் புளிப்பு பட்டால் சில சமயம் இப்படி நிறம் மாறும், வேறொன்றும் ஆகாது. எத்தனையோ வீட்டில் இஞ்சி பூண்டு விழுது பச்சையாகிப் போயிருக்கும். தைரியமாகத் தட்டில் வைத்தோம். சாப்பிட வருகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைத்தது எங்கள் முட்டாள்தனம்.

பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி. நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

"யோவ், இன்னாயா இது? பூண்டு பாசி புடிச்ச மாதிரி கீது!"

"பாசியா? இது களிம்புடா. செம்பு பாத்திரத்துல ஊறுகா வச்சிக்கீறாங்க. வெசம்!"

எங்கள் கேண்டீனில் மருந்துக்குக்கூட ஒரு செம்புப் பாத்திரம் கிடையாது. ஆனால் அதைக் கேட்க யாருக்கு நேரம்? ஒருவர் போட்டோ எடுத்தார். பத்து நிமிடத்தில் அது எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடியது. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், வரிசையில் நின்றவர்கள் கலைந்தார்கள். ஒருவர் விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுக்க முயன்றார். அவர் அன்று ஊறுகாயைத் தொடவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

பாதுகாப்பு அதிகாரி ஹெல்மெட்டோடு சமையலறைக்குள் ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தீயும் மின்சாரமும்.

"எல்லா ஸ்விட்சையும் ஆஃப் பண்ணுங்க! யாரும் எதையும் தொடாதீங்க! எல்லாம் அப்படியே இருக்கட்டும்!"

பரிமாறும் இடத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கும், பார்த்திருப்பீர்கள். சோறும் குழம்பும் ஆறாமல் இருக்க அதற்குள் பாத்திரங்களை இறக்கி வைப்போம். அதன் சிவப்பு விளக்கும் அணைந்தது. மணி பன்னிரண்டு பத்து. அது அணைவதை நான் என் கண்ணால் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. என் மண்டை முழுக்கப் பூண்டுதான் இருந்தது.

அடுத்து மனிதவள மேலாளர் வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னார்.

"மேடம், ரிஸ்க் வேணாம். எல்லாத்தையும் கொட்டிடலாம். பசங்களுக்கு பன்னும் வாழைப்பழமும் வாங்கிட்டு வரச் சொல்லியாச்சு."

நானூறு பேர் சாப்பாடு, ஒன்றுமே இல்லாத ஒரு வதந்தியால். அதோடு மூன்றாவது சிவப்பு. அடுப்பக்காவைப் பார்த்தேன். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எனக்குள் இருந்த டிப்ளமா எழுந்து நின்றது.

"சார், ஊறுகாயில ஒண்ணும் இல்லை. நிரூபிச்சுக் காட்டறேன்."

குளிர் அறை மூட்டையிலிருந்து பத்துப் பல் பூண்டை எடுத்து நசுக்கி, கண்ணாடித் தம்ளரில் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். வாசல் கடையிலிருந்து புதுப் பூண்டு வாங்கிவரச் சொல்லி, இன்னொரு தம்ளரில் அதையும் அப்படியே செய்தேன். இரண்டையும் வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். "இது பச்சையாகும், அது ஆகாது. பாருங்க" என்றேன்.

பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பன் தின்றுகொண்டே பார்த்தார்கள். ஒரு மணி ஆயிற்று. கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஜன்னலைச் சுற்றிக் கூட்டம். "இன்னா மேடம், முட்டைக்கு அட காக்குற மாதிரி குந்திக்கினு கீறீங்க?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு வியர்த்து ஊற்றியது. புத்தகத்தில் படித்ததைச் சபையில் வைத்துப் பந்தயம் கட்டிவிட்டோமே, பூண்டு கைவிட்டால் என்ன செய்வது என்று தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்காமல் இருந்தேன்.

ஒன்றரை மணிக்கு லேசாக ஒரு சாயல். இரண்டு மணிக்குச் சந்தேகமே இல்லை. மூன்று மணி ஆவதற்குள் குளிர் அறைப் பூண்டு ஊறுகாயில் பார்த்த அதே பச்சைக்கு வந்துவிட்டது, கடைப் பூண்டு வெள்ளையாகவே கிடந்தது. கைதட்டினார்கள். நான் ஊறுகாயில் இரண்டு பல்லை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் மென்று தின்றேன். பாதுகாப்பு அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டார். இருபத்தெட்டு வருட வேலையில் அப்படி ஒரு வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை. கால் தரையில் பாவவில்லை.

"சூப்பர் மேடம்" என்றார் மேலாளர். "அப்ப சாப்பாடு அப்படியே இருக்கு இல்ல? சாயந்திரம் பி ஷிப்டுக்குக் கொடுத்துடலாம். போர்டுல இன்னைக்கு ஜீரோ போடுங்க."

"கண்டிப்பா சார்" என்றேன்.

அவர் போனதும் தொட்டிக்கு ஓடினேன். சோறு பளிச்சென்று பூப்போல இருந்தது. முட்டைக் குழம்பில் எண்ணெய் மினுமினுத்தது. முகர்ந்தேன், நல்ல வாசனை. ஒரு வாய் எடுத்துப் போட்டேன், ருசியாகவே இருந்தது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிக்கொண்டேன். சோறு வெந்ததா என்று பார்க்கத்தான் அந்தப் பழமொழி, கெட்டதா என்று பார்க்க அல்ல. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அடுப்பக்கா கையைக் கட்டியபடியே நின்றிருந்தார். அவர் மட்டும் கைதட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தொட்டி எப்ப அணஞ்சிது யக்கா?"

"பன்னெண்டு பத்துக்கு."

"இப்ப மணி மூணு தாண்டிச்சி. பி ஷிப்ட் எப்ப துண்ணும்?"

"ஆறரைக்கு."

அவர் புறங்கையைச் சோற்றின் மேல் வைத்தார். "கொழந்தய குளிப்பாட்ற சூடு இது. பூச்சி வளர இத்த வுட சொகமான எடம் வேணுமா?"

"நல்லா கொதிக்க ஆவி கட்டிட்டா எல்லாம் செத்துடும்" என்றேன்.

"அது செத்துடும். அது கக்கி வச்சது? வேர்க்கல்லக்கு நீ தான சொன்ன?"

நான் சொன்னதுதான். வெந்த சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வருடமும் புது ஆட்களுக்கு வகுப்பு எடுத்தவளும் நான்தான். பார்க்க அழகாக இருக்கும், வாசனை மாறாது, வாந்தியும் பேதியும் மட்டும் வரும். ஆனால் அந்த நிமிடத்தில் என் மனசு வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தி அதைச் சொல்லியும்விட்டேன்.

"இதைக் கொட்டினா மூணாவது செவப்பு. தெரியும்ல?"

"தெரியும்."

"உன் கரண்டி போயிடும்."

"நீ எனக்கோசரம் தான் சொல்லிக்கினு கீற. அது தெரியாதா எனக்கு?" அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "பதினொரு வருசம் காத்துக்கினு இருந்து வாங்குன கரண்டிக்கா. அதுக்கோசரம் நானூறு பேருக்கு வயித்தால போச்சின்னா, அப்பறம் அந்தக் கரண்டிய எந்தக் கையால புடிப்பேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தில்தான். பச்சைப் பூண்டுக்காக மூன்று மணி நேரம் போராடியவள், அந்த மூன்று மணி நேரத்தில் வெள்ளைச் சோற்றைக் கெடவிட்டுவிட்டு, அதையும் நல்லது என்று சாதிக்கப் பார்த்தேன். ஒரு விஷயத்தில் நாம் ஜெயித்த சூட்டோடு எடுக்கும் அடுத்த முடிவைத்தான் சந்தேகப்பட வேண்டும். உங்களுக்கு இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வேண்டியது இதுதான், இதை மட்டும் குறித்துக்கொண்டாலும் போதும்.

மேலாளருக்குப் போன் போட்டு, சோற்றைக் கொடுக்க முடியாது என்றேன். "இப்பதானே ஓகேன்னீங்க?" என்றார். "பூண்டு ஓகே சார். சோறு ஓகே இல்லை" என்றேன். அவர், "நீங்களே முடிவு பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். பெரிய மனிதர்கள் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

அடுப்பக்கா வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு பாத்திரமாகத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்னாலிருந்த குழிக்குத் தானே கொண்டுபோனார். துப்புரவு வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நல்ல சாப்பாடு மிஞ்சும் நாளில் டப்பாவில் எடுத்துப்போவது அவர்கள் வழக்கம்.

"யக்கா, முட்ட அப்டியே கீதே! ரெண்டு டப்பா குடுக்கா, பசங்க துண்ணும்."

"நாளைக்கி நானே ஆக்கி தரேன்டீ. இத்த தொடாதே." சொல்லிவிட்டு, யாரும் பிற்பாடு வந்து அள்ளிவிடக் கூடாதென்று சோற்றின் மேல் ஒரு வாளி பினாயிலை ஊற்றினார். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் எடை போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ. பலகையில் எழுதினேன். சாக்பீஸ் கையில் இருக்கும்போதே காரணம் என்ற கட்டத்தையும் நிரப்பினேன்: 'வெந்நீர்த் தொட்டியை அணைத்தபோது கண்காணிப்பாளர் தடுக்கவில்லை.' கீழே என் கையெழுத்து. அரை மணி நேரத்தில் காண்ட்ராக்டர் போனில் குதித்தார். அதை அழித்துவிட்டுச் சமையல் பிழை என்று எழுதச் சொன்னார். அழிக்கவில்லை. எழுத்தில் நானே ஒப்புக்கொண்டுவிட்டதால் அவரால் அந்தச் சிவப்பை அடுப்பக்காவின் தலையில் கட்ட முடியவில்லை. எச்சரிக்கைக் கடிதம் மறுநாள் என் பெயருக்கு வந்தது. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அடுப்பக்காவுக்கு நன்றி சொல்லத் தெரியாது. "யாரு உன்ன எழுத சொன்னா மேடம்?" என்று மூன்று நாள் என்னிடம் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அன்று மாலையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆறரைக்குள் நானூறு பேருக்கு எதையாவது ஆக்க வேண்டும். சாமான் அறையில் ரவை இருந்தது. உட்காரக்கூட நேரமில்லாமல், அடுப்பக்காவும் நானும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து உப்புமா கிண்டினோம். நானும் துடுப்பைப் பிடித்தேன். என் கை கொப்பளித்துவிட்டது.

பி ஷிப்ட் வந்தது. சோறும் முட்டையும் எதிர்பார்த்து வந்தவர்கள் தட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்கள்.

"இன்னாக்கா இது? ஜொரம் வந்தவனுக்கு போட்ற மாதிரி உப்புமா?"

"அண்டா அண்டாவா சோறு கொட்னியாமே? கொழுப்பா உனக்கு?"

"வுட்றா மச்சான். யக்காவுக்கு கைப்பக்குவமே பூட்ச்சி."

நான் வாயைத் திறந்தேன். பலகை முதல் பினாயில் வரை அத்தனையையும் சொல்லி அவர்கள் வாயை அடைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அடுப்பக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார், கொப்புளத்தின் மேலேயே.

"ஆமா நைனா, வயசாவுதில்ல?" என்று அந்த ஆளின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். "சூடா கீது, துண்ணு."

நானூறு பேரும் எங்களைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, நல்ல வயிற்றோடு வேலைக்குத் திரும்பினார்கள்.